மண்ணுக்குள் மறையும் குமிழ்

கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரத்தில் கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். மழை இறங்கினால் அதே மண் ஊதி எழும். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழம் வரை இந்த ஏற்ற இறக்கம் உண்டு. அதற்கும் கீழே வானம் தோண்டிக் கல் கட்டச் சிறு வீடு கட்டுபவருக்குக் கட்டுப்படியாகாது. ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த அண்டர்ரீம் பைல், அதாவது அடியில் குமிழாக விரியும் கான்கிரீட் தூண், அவருக்கு உண்மையிலேயே பெரிய உதவி.

முக்காலி நிறுத்தி, கையால் சுற்றும் ஆகரில் 300 மி.மீ. விட்டத்துக்குக் குழி இறக்குகிறார்கள். விரியும் கத்தி கொண்ட கருவியை உள்ளே விட்டுச் சுழற்றினால், அடிப்பகுதி 750 மி.மீ. அகலத்துக்குக் குமிழாகிறது. விட்டம் இரண்டரை மடங்கு; தாங்கும் பரப்போ ஆறு மடங்குக்கும் மேல். கான்கிரீட் கொஞ்சம்தான் கூடுகிறது. மேல்மண் ஊதிப் பைலைத் தூக்கப் பார்க்கும்போது, அசையாத மண்ணில் கிடக்கும் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்கிறது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு வேலை வாங்கும் வடிவம் அபூர்வம்.

ஆனால் அதன் பலமெல்லாம் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது. என் கவலையும் அங்கேதான். குமிழ் முழுதாக விரிந்ததா என்பதற்கு, வாளியில் ஏறிவந்த மண்ணும் கருவித் தண்டின் இறக்கமும்தான் சாட்சி. உதிரி மண்ணை அள்ளாமல் கான்கிரீட் ஊற்றினால் வெளியே யாருக்கும் தெரியாது. மணல் அடுக்கோ ஊற்றுநீரோ குறுக்கிட்டால் குமிழின் மேல்பக்கம் சரியும். குழிச் சுவரைப் பிடித்து நிறுத்தப் பென்டோனைட் களிமண் கரைசல் தேவைப்படும், சிக்கனமும் கரையும். கம்பியிலும் கை வைக்கிறார்கள், பைல் சுமையை மட்டும்தானே தாங்குகிறது என்ற நினைப்பில். ஊதும் மண்ணில் அது இழுவிசையையும் தாங்கியாக வேண்டும். கம்பி குமிழ் வரை இறங்காவிட்டால் பைல் இடையில் அறுந்துபோகலாம்.

பைல்களை இணைக்கும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே, ஊதும் மண்ணில் குறைந்தது 80 மி.மீ. இடைவெளி விடச் சொன்னது 1980ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911 மூன்றாம் பகுதி. மண்ணையே சென்ட்ரிங்காக வைத்துப் பீமை ஊற்றிவிடும் மேஸ்திரிகள் உண்டு. முதல் பெருமழையில் மண் பீமை முட்டும்; ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக ஓடும்.

இந்த முறை தரைக்கு எதுவும் செய்வதில்லை என்பதுதான் பெரிய குறை. சுவர் அசையாமல் நிற்க, நடுவீட்டில் டைல்ஸ் மேடுதட்டும். கரிசலை வெட்டியெடுத்து ஊதாத கிராவல் நிரப்பும் செலவைச் சேர்க்காமல் போடும் மதிப்பீடு வீட்டுக்காரரை ஏமாற்றுவதே. மண் பரிசோதனையும், குமிழ் வெட்டும் நாளில் குழியருகே நிற்கும் பொறியாளரின் சம்பளமும் அதே மதிப்பீட்டில் ஏற வேண்டும். அத்தனையும் சேர்த்த பிறகும், கரிசலில் ஆழ வானத்தைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்.