காப்பியமா, திரட்டா?

1966 ஆகஸ்டில் ஊர்தோறும் கச்சேரி செய்வதை நிறுத்திய பீட்டில்ஸ் குழுவினர், லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கி 1967இல் வெளியிட்ட இசைத்தட்டு ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’. அவர்கள் கையாண்டவை நான்கே தடங்கள் கொண்ட பதிவுக் கருவிகள். நிரம்பிய தடங்களை வேறொரு நாடாவின் ஓரிரு தடங்களில் ஒடுக்கி, எஞ்சிய இடத்தில் மேலும் இசை சேர்த்தனர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் பதிவாளர்களும். இறுதிப் பாடலில் 40 வாத்தியக்காரர்கள் தாழ்ந்த சுரத்திலிருந்து உச்சம்வரை, ஒருவரையொருவர் பின்பற்றாது ஏறுகின்றனர். அச்சமூட்டும் அழகு அது!

ஆயினும், கற்பனைக் குழுவொன்றின் கச்சேரி என்னும் கரு இரண்டாம் பாடலோடு மறைந்து, இறுதிக்குச் சற்று முன்னர்தான் மீண்டும் தலைகாட்டுகிறது. இதனைக் காப்பியமென்பார் உளர். நாம் தனிப்பாடல் திரட்டென்றே கொள்வோம். பாடல் வரிகளை உறையிலேயே அச்சிட்டுக் கேட்போரை வாசகராக்கிய துணிவோ, பின்வந்த இசைத்தட்டுகள் பலவற்றுக்கு வழக்கமாயிற்று.