கடல் கொண்டதும் கண்டம் நகர்ந்ததும்

அண்மையில் இங்கு நடந்த நூல் அறிமுகக் கூட்டமொன்றில் நண்பரொருவர் லெமூரியாவை மீண்டும் எழுப்பினார். மேலைநாட்டு விஞ்ஞானமே ஒப்புக்கொண்ட கண்டம் என்றார். சபை கைதட்டியது. புவியியல் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் இதே கைதட்டலை நானும் வாங்கியிருக்கிறேன். எனவே இவ்விமர்சனம் எனக்கும் உரியது.

விஞ்ஞானம் ஒப்புக்கொண்டதுதான் என்ன? லெமூர்கள் மடகஸ்காரில் மிகுந்தும், அவற்றின் உறவினங்கள் ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் சிதறியும் காணப்படுவதை விளக்க, 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற விலங்கியலாளர் ஒரு பழைய கண்டத்தை ஊகித்தார். நிலம் நகராது என்று நம்பிய காலத்தில் அது நேர்மையான ஊகமே. அதனை இறையனார் களவியலுரையும் அடியார்க்குநல்லாரும் கூறும் கடல்கோளுடன் பொருத்திக்கொண்டவர்கள் நாம்.

மூழ்கிய கண்டங்கள் என்ற கருத்தையே மறுத்த நூல், அல்பிரட் வேகனர் 1915இல் ஜேர்மன் மொழியில் எழுதிய 'கண்டங்களினதும் சமுத்திரங்களினதும் தோற்றம்'. நம் விவாதங்களில் அது பேசப்படுவதேயில்லை. அதன் மைய வாதம் எளிது. கண்டம் இலேசான பாறை. கடலடி கனமான பாறை. இலேசானது கனமானதன்மேல் தோணிபோல் மிதக்கிறது, தானாக அமிழ்ந்துபோகாது. பனிப்பாளத்தின் பாரம் நீங்கிய ஸ்கண்டிநேவியா உயர்ந்துகொண்டிருப்பதை அவர் சான்றாகக் காட்டினார். நான் இன்று தொழிற்சாலையில் வேலைசெய்யும் சுவீடனின் வடகிழக்குக் கரை ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் உயர்கிறது. துறைமுகம் ஆழங்குறைந்ததால் லூலியோ நகரையே 1649இல் வேறிடத்துக்கு மாற்றினார்கள்.

நூலின் பலவீனத்தையும் சொல்லவேண்டும். கண்டங்களை நகர்த்தும் விசையை வேகனர் தவறாகக் கணித்தார். கிறீன்லாந்தின் வேகத்தை மிகையாக்கினார். அறிஞர் பலர் அவரை நிராகரித்தனர். 1960களில் கடலடிப் பாறைகளின் காந்தப் பதிவுகள், நடுக்கடல் முகடுகளில் புதிய தரை உருவாகி விலகிச்செல்வதைக் காட்டியபின்பே நகர்வு ஏற்கப்பட்டது. இந்தியா சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகஸ்காரைப் பிரிந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை மோதி இமயத்தை எழுப்பத் தொடங்கியது. அப்போது மனிதர் இல்லை.

மொறீசியசில் 300 கோடி ஆண்டுப் பழமையான சிர்க்கோன் பளிங்குகள் கிடைத்ததாக 2017இல் வெளிவந்த ஆய்வை நண்பர்கள் காட்டக்கூடும். அவை அந்தப் பிரிவின்போது விடுபட்டு எரிமலைக் குழம்பின் கீழ் போன கண்டத்துண்டின் எச்சங்கள்; எவருடைய தாயகமும் அல்ல.

கடல்கோள் முழுப் பொய் என்று நான் கூறவில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தது, பாக்குநீரிணை நிலமாயிருந்தது. கடல் கரைநிலங்களை விழுங்கியது உண்மை. கண்டத்தை விழுங்கவில்லை.

இது ஏன் நமக்கு முக்கியம்? மூழ்கிய நிலத்துக்கு எவரும் பொறுப்பில்லை. கடலிடம் கணக்குக் கேட்கமுடியாது. நாம் இழந்த நிலமோ மூழ்கவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை இழந்த கதையில் பிறருடைய பங்கும் உண்டு, நம்முடைய பங்கும் உண்டு. லெமூரியாவைப் பேசும்வரை அந்தக் கணக்கை நாம் ஒத்திப்போடலாம். ஒத்திப்போட்டது போதும்.