லேயார்: பார்க்கத் தெரியாத கேமரா

2009-இல் ஆம்ஸ்டர்டாமில் உருவான லேயார் செயலியைத் திறந்து போனைத் தெருவை நோக்கிப் பிடித்தால், கேமராப் படத்தின் மீதே விற்பனைக்கு வந்த வீடுகளும் வங்கி ஏடிஎம்களும் புள்ளிகளாக மிதக்கும். ஸ்மார்ட்போனில் ஏஆர் (நிஜக் காட்சியின் மீது டிஜிட்டல் தகவல்களைச் சேர்த்துக் காட்டும் தொழில்நுட்பம்) என்றால் என்ன என்று பலருக்கும் முதலில் காட்டியது அதுதான்.

கதவைத் திறந்து வைத்ததே அதன் பெரும்பலம். இடங்களின் பட்டியலைத் தன் சர்வரில் வைத்திருந்த எவரும் தனிச் செயலி எழுதாமலே கேமராப் படத்தின் மீது தெரியும் ஓர் அடுக்கை உருவாக்கலாம். இதன் அருமையைக் கலைஞர்கள்தான் சரியாகப் புரிந்துகொண்டார்கள். 2010 அக்டோபரில் சாண்டர் வீன்ஹோஃப், மார்க் ஸ்க்வாரெக் இருவரும் நியூயார்க்கின் மோமா அருங்காட்சியகத்துக்குள் அழைப்பே இல்லாமல் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. போனைத் தூக்கியவர்களுக்கு மட்டும் கூடங்களில் படைப்புகள் தெரிந்தன. ஓர் இடத்தில் எதை வைப்பது என்று முடிவுசெய்யும் உரிமை யாருடையது என்று அவ்வளவு துணிச்சலாகக் கேட்க வழிசெய்த செயலி அது.

குறை அடித்தளத்திலேயே இருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தாலும், எதிரில் இருப்பது என்ன என்று லேயாருக்குத் தெரியாது. ஜிபிஎஸ் சொன்ன இடம், திசைகாட்டி சொன்ன திசை இவற்றைக் கொண்டு கணக்குப் போட்டுத்தான் புள்ளிகளை ஒட்டியது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் தடுமாறும், இரும்புக்கு அருகில் திசைகாட்டி பிசகும். இந்த வீட்டின் விலை பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கும். சுவருக்குப் பின்னால் இருக்கும் ஏடிஎம் முன்னால் இருப்பதுபோல் தெரியும். வரைபடமே வழி சொல்லிவிடும்போது, நடுத்தெருவில் கையை உயர்த்தி எத்தனை நாள் நிற்பார்கள்?

2011-இல் படங்களை அடையாளம் காணும் வசதி வந்தது. அடுத்த ஆண்டு லேயார் அச்சு இதழ்களின் பக்கம் திரும்பியது. தொழில்நுட்ப அளவில் அது நல்ல திருத்தம்தான். ஆனால் பக்கத்தை ஸ்கேன் செய்த வாசகருக்குப் பல நேரம் கிடைத்தது ஒரு விளம்பரக் காணொளி. பிழைப்புக்காகத் தெருவைக் கைவிட்ட அந்த முடிவில்தான் லேயார் தன் தனித்தன்மையை இழந்தது என்பேன். 2014-இல் லண்டனின் ப்ளிப்பார் நிறுவனம் அதை வாங்கியது. 2018 டிசம்பரில் ப்ளிப்பாரே நொடித்துப்போனது.

அடுக்குகளின் தரவு அவரவர் சர்வரில் இருந்தாலும், அதைப் பார்க்க லேயார் செயலி வேண்டும். செயலி போனதும் அவற்றைக் காணும் வழியும் போயிற்று. 2025 ஜனவரியில் மெட்டா தன் ஸ்பார்க் என்ற ஏஆர் தளத்தை மூடியபோதும் வெளியார் செய்த படைப்புகள் அப்படியே மறைந்தன. ஏஆரில் வேலை செய்பவர்கள், ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, அது மூடப்பட்டால் தங்கள் படைப்பை வேறு எதில் திறக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.