கூழாங்கல்லில் வேகும் ரொட்டி

ஈரான் என்றால் நம் செய்திகளில் ஏவுகணையும் எண்ணெய்யும்தான். டெஹ்ரான்காரர்களின் காலையோ சங்கக் ரொட்டிக் கடை வாசலில் தொடங்குகிறது. நெகிழப் பிசைந்து புளிக்கவைத்த கோதுமை மாவை, நீளக் கைப்பிடியுள்ள துடுப்பின்மேல் ஈரக்கையால் பரப்பி, விரல் நுனிகளால் குழி குழியாக அழுத்துகிறார் ஷாத்தர் எனப்படும் ரொட்டி சுடுபவர். அடுப்புக்குள் சரிவாகக் கிடந்து தகிக்கின்றன கூழாங்கற்கள். மாவின் ஒரு முனையைக் கல்லில் பற்றவிட்டுத் துடுப்பைப் பின்னுக்கு இழுக்க, அது நீண்டு நீண்டு படிகிறது. கை தயங்கினால் கிழிந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத இழுப்பு அது!

வெந்ததைக் கம்பிவலை மேசையில் போட்டதும் ஒட்டிய கற்கள் டக்டக்கென்று உதிரும். மிச்சக் கற்களை ரொட்டி வாங்கியவரே விரல் சுடச்சுடப் பொறுக்கவேண்டும். ஒரே ஒரு ரொட்டி போதும் என்பவருக்குப் பல கடைகளில் தனி வரிசை உண்டு. அந்தக் கரிசனம் எனக்கு மிகவும் பிடிக்கும். காசு போய் வங்கி அட்டை வந்துவிட்டது. கட்டாய முக்காட்டை எதிர்த்த 2022 போராட்டங்களுக்குப் பிறகு, வரிசையில் முக்காடிட்ட பெண்களும் முக்காடில்லாத பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ரொட்டியின் மொறுமொறு ஓரம் வீட்டுக்குப் போகும் வழியிலேயே தீர்ந்துபோகும். மீதிக்கு வெண்பாலாடைக்கட்டி, வால்நட், திருநீற்றுப்பச்சை, பால் சேர்க்காத தேநீர்.