பழைய ரேடியேட்டரும் மாற்று இன்ஜினும்

அம்பாசடரிலோ பழைய பெட்ரோல் ஜீப்பிலோ வேறு இன்ஜினை ஏற்றும்போது, ரேடியேட்டரைத் தூக்கிப் போடாமல் அதன் வாயை மட்டும் இடம் மாற்றி, ஈயம் வைத்துப் பற்றவைத்து மாட்டிவிடுவது நம் பட்டறைகளின் நெடுநாள் வழக்கம். காசு மிச்சம் பிடிக்கும் ஒட்டுவேலை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் உலோகத்தைக் கவனிப்பதில்லை. செம்பும் பித்தளையுமான பழைய ரேடியேட்டரில் மேல் டேங்கைக் கழற்றலாம், அடைத்த குழாய்களுக்குள் கம்பி விட்டுத் துப்புரவாக்கலாம், ஹோஸ் மாட்டும் வாயை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் கொண்டுபோகலாம். பிளாஸ்டிக் டேங்கை அலுமினிய கோரோடு (குழாய்கள் நிறைந்த நடுப்பகுதியோடு) மடித்து இறுக்கிய இன்றைய ரேடியேட்டரில் இவை எதுவும் எளிதில் நடக்காது. டேங்க் விரிசல் விட்டால் பெரும்பாலும் முழுசாக மாற்ற வேண்டியதுதான். ஆகவே பழையதை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அளக்காமல் வைத்துக்கொள்வதில்தான் தவறு.

அளவு என்பது இன்ஜினின் சிசி அல்ல, அது வெளியே தள்ளும் வெப்பம். பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது. அதே குதிரைத்திறனுக்கு டீசல் இன்ஜின் குறைவாகவே எரிபொருள் குடிப்பதால் தண்ணீருக்குப் போகும் வெப்பமும் குறையும். பெட்ரோல் வண்டியில் அதே திறனுள்ள டீசலை ஏற்றினால் பழைய கோரே பெரும்பாலும் தாங்கும். ஆனால், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் ஏறத்தாழ 50 குதிரைத்திறன் தந்த அம்பாசடரில் 75 தரும் இசுசு பெட்ரோல் இன்ஜினை வைத்தால் முழு வேகத்தில் வெப்பம் சுமார் ஒன்றரை மடங்காகும். முன்னதற்குப் போதுமான ரேடியேட்டரைப் பின்னதற்கும் போதும் என்று சொல்வது கணக்கல்ல, நம்பிக்கை.

திருச்சி வெயில் அந்த நம்பிக்கையை விட்டுவைக்காது. தண்ணீர் 95 டிகிரி, வெளிக்காற்று 25 டிகிரி என்றால் இடைவெளி 70. மே மாதத்தில் காற்று 42-ஐத் தொட்டால் இடைவெளி 53. அதே ரேடியேட்டரின் திறனில் கால்பங்கு போய்விடுகிறது. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று கைகொடுக்கும். சத்திரம் பேருந்து நிலையத்தில் கிளம்பி, காவிரிப் பாலம் ஏறி, திருவரங்கத்து உத்திர வீதிக்குள் ஊர்ந்து நுழையும் வண்டிக்கு அந்தக் காற்று ஏது? அங்கே ஃபேன் ஒன்றுதான் கதி. மாற்று இன்ஜின் நீளம் குறைந்ததாக இருந்தால் ஃபேன் கோரிலிருந்து தள்ளிப்போகும். சுற்றிக் கவசத் தகடும் இல்லையென்றால் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். டேங்க் வாயைப் பற்றவைக்க ஒரு நாள் செலவிடும் கைகள் இந்தத் தகட்டை மறப்பதுதான் இவ்வழக்கத்தின் பெருங்குறை.

“தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடு அடங்கிவிடும்” என்பது அடுத்த வாதம். தெர்மோஸ்டாட் முழுவதும் திறந்த பிறகும் சூடு ஏறினால் குறை அதில் இல்லை. அதைக் கழற்றினால் காலையில் இன்ஜின் தாமதமாகச் சூடேறி, தேய்மானமும் எரிபொருள் செலவும் கூடும். ரேடியேட்டர் மூடியை மாற்றுவதும் இதே ரகம். 7 பிஎஸ்ஐ மூடியில் தண்ணீர் சுமார் 111 டிகிரியில் கொதிக்கும், 15 பிஎஸ்ஐயில் 121 டிகிரியில். கொதிநிலை உயர்கிறது, உண்மைதான். ஆனால் 7-க்குச் செய்த பழைய ஈயப் பற்று 15-ஐத் தாங்குமா என்று அழுத்தம் ஏற்றிச் சோதிக்காமல் அந்த மூடியைப் போடக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றிக் குழாய்களில் படிவு சேர்த்துவிட்டு ரேடியேட்டரைச் சின்னது என்று பழிப்பதும் நியாயமில்லை.

புது ரேடியேட்டர்தான் பாதுகாப்பு என்பார்கள். கோர் பெரிதாகவும் கவசம் சரியாகவும் இருந்தால் உண்மை. கவசமில்லாத புதியது, கவசமுள்ள பழையதைவிட மேலானதல்ல. எனவே பணத்தை எண்ணிக் கொடுக்குமுன், உச்சிவெயிலில் ஏசியைப் போட்டு அரை மணி நேரம் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, சூடு காட்டும் முள்ளைப் பாருங்கள்.