காண்பவரும் சொல்பவரும்

மத்தூரிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய பிரதேசம், ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் மலிந்த பிரதேசம். வீரமரணம் என்ற ஒரே விஷயத்தை இருவேறு இடங்களில் நின்று சொல்லும் இருவகைக் குரல்களை இந்நிலம் நமக்குத் தந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுதியைப் படிப்போர், இன்ன அரசனுக்கு இன்ன யாண்டில் இன்னான் தொறு (ஆநிரை) மீட்டுப் பட்டான் என்பதற்குமேல் அக்கற்கள் பெரும்பாலும் பேசுவதில்லை என்பதைக் காண்பார்கள். அங்கே சொல்பவன் ஊரார் அனைவருக்கும் பொதுவாக நிற்கிறான். ஆகவே பெருமிதம் உண்டு, அழுகை இல்லை. இந்நிலத்தை அடுத்த தகடூரை ஆண்ட அதியமான் மாண்டபோது ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலையோ, அவனோடு உண்டு பழகிய ஒருத்தியின் வாயிலிருந்து வருவதால், அவன் கொடுத்தவற்றையும் பகிர்ந்தவற்றையும் ஒவ்வொன்றாக நினைந்து நினைந்து கரைகிறது.

கதையின் உணர்ச்சிப் பாவம் வர்ணனைகளால் மேலே பூசப்படுவதன்று, சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்தே அது பிறக்கிறது என்பதே என் அபிப்பிராயம். நம் இலக்கணம் இதை நன்கறிந்திருந்தது. தலைவி, தோழி, செவிலி என்று யார் எச்சூழலில் பேசலாம் என்பதைக் கூற்று என்ற பெயரில் வகுத்த தொல்காப்பியம், எட்டு மெய்ப்பாடுகளுக்கென்று தனியே ஓர் இயலையும் ஒதுக்கியது. பிரெஞ்சு விமரிசகர் ழெரார் ழெனெத், கதையில் காண்பவர் யார், பேசுபவர் யார் என்னும் இரு வினாக்களையும் பிரித்துக் கேட்டதும், செங்கம் தொகுதி வெளிவந்த அதே 1972-இல்தான்.

இந்த அபிப்பிராயத்தை நவீனத் தமிழில் சோதிக்க ஜெயகாந்தனைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1966-இல் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழையில் பஸ்ஸுக்காக நின்று, அந்நியன் ஒருவனின் காரில் ஏறிக் கெட்டுத் திரும்பும் கல்லூரிப் பெண்ணை ஆசிரியர் வெளியே நின்று காண்கிறார். தாய் அவள் தலையில் நீரூற்றித் தூய்மையானவள் என்று தேற்றுகிற கணத்தில், அந்தக் காருண்யம் கதை முழுவதற்கும் உரியதாகிவிடுகிறது. 1970-இல் நூலான 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அப்பெண்ணுக்குக் கங்கா என்ற பெயரும், அதனினும் முக்கியமாக, 'நான்' என்று பேசும் உரிமையும் கிடைக்கின்றன. தாய் தேற்றவில்லை, அண்ணன் வெளியேற்றுகிறான், மாமனின் ஆதரவில் படித்து உத்தியோகம் பெற்றவள் பேசத் தொடங்கியதும் காருண்யம் மறைந்து, தனிமையும் கசப்பும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. கதைப்போக்கின் மாற்றமே இதற்குக் காரணம் என்று வாதிப்போர், அந்நாவலை ஆசிரியரின் படர்க்கைக் குரலில் ஒரு பக்கமேனும் மனத்துக்குள் மாற்றி எழுதிப் பார்க்கட்டும். கங்காவின் கசப்பு அப்போது வெறும் செய்தியாக வற்றிப்போகும்.

அசோகமித்திரன் இன்னும் துணிந்தவர். '18வது அட்சக்கோடு' (1977) நாவலில், நிஜாம் ஆட்சியின் இறுதிக் காலத்துச் செகந்திராபாத்தில் வளரும் சந்திரசேகரனை ஓரிடத்தில் தன்மையிலும் மற்றோரிடத்தில் படர்க்கையிலும் நிறுத்துகிறார். கலவர காலத்து இளைஞன் தன்னைத் தானே அந்நியனாகக் காணும் அச்சம் அவ்விடமாற்றத்தில் நமக்குள் இறங்கிவிடுகிறது. பூமணியின் 'வெக்கை' (1982) சிறுவன் ஒருவனின் அருகைவிட்டு அகலாமலே கொலையையும் தலைமறைவையும் காட்டுகிறது.

ஓசூரில் வாழும் பா. வெங்கடேசனின் 'தாண்டவராயன் கதை' (2008), கதைக்குள் கதையாகச் சொல்வோரை அடுக்கிக்கொண்டு போவதால், வாசகனுக்கு ஏற்படும் மயக்கத்தையே தன் பிரதான ரசமாக்கிக்கொண்ட பெருநாவல். அதே ஊரைச் சேர்ந்த ஆதவன் தீட்சண்யா, சாதியின் கொடுமையை அதை அனுபவித்தவரின் பக்கமே நின்று எழுதுகிறார். அவருடைய கோபத்தின் நியாயம் அந்த நிலையிலிருந்தே வருகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும் இவ்வெல்லைப்புறத்தில், விளைநிலத்தை விட்டுத் தொழிற்சாலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறும் பெண்ணின் கண்வழியாகவே முழுவதும் காணும் ஒரு நாவலை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்; அவளுக்காக இரங்கி வெளியே நின்று எழுதப்பட்டதாக அல்லாமல், எந்த மொழியில் அவள் நினைக்கிறாளோ அந்த மொழியின் கலப்போடும், இரவு ஷிப்டு முடிந்த அலுப்போடும், முதற் சம்பளம் வாங்கிய உவகையோடும் அவளே பேசுவதாக அது இருக்கவேண்டும்.