சொட்டாத கசிவு

ஆயில் ஒழுகினால் தரையில் கறை விழும். ரேடியேட்டர் ஒழுகினால் தண்ணீர் குறையும். வேக்குவம் லீக்குக்கு அப்படி ஒரு தடயமும் கிடையாது. அது எதையும் வெளியே விடுவதில்லை, வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கண்ணுக்குப் படாத இந்த ஓட்டையை ஒரு நல்ல மெக்கானிக் தேடிப் பிடிப்பதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

1980களின் தொடக்கத்தில் வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பண்ணைகளில் உழைத்துத் தேய்ந்த வண்டி. அதன் 300 கன அங்குல, ஆறு சிலிண்டர் எஞ்சின் 1965 முதல் 1996 வரை தயாரிப்பில் இருந்தது. 1987இல்தான் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. பானெட்டைத் திறந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு, ஈஜிஆருக்கு, பிரேக் பூஸ்டருக்கு என்று ரப்பர் ஹோஸ்கள் கிளைபிரியும். நாற்பது வருடச் சூட்டில் அவை அப்பளமாக நொறுங்கும்.

ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுக்கும் இழுப்பில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் உருவாகும். (நம் ஊர் டீசல் பிக்கப்புகளில் இந்த இழுப்பு கிடைக்காது, பிரேக்குக்கென்றே தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைக்கிறார்கள்.) எங்கோ ஒரு விரிசல் இருந்தால் பெட்ரோல் கலக்காத காற்று நுழைந்து கலவை மெலிந்துவிடும். சிக்னலில் குலுங்கி அணையப் பார்க்கும் அதே வண்டி, ஹைவேயில் சாதுவாக ஓடும். த்ராட்டில் திறந்ததும் இழுப்பு தளர்கிறது, திருட்டுக் காற்றின் பங்கு சிறுத்துவிடுகிறது. ஓட்டுகிறவர் சொல்லும் இந்த ஒரு வரியிலேயே கைதேர்ந்தவருக்குப் பாதி விஷயம் பிடிபட்டுவிடும். பல ஃபோர்டு வண்டிகளில் இன்னொரு துப்பும் உண்டு: மேடேறும்போது ஏசி காற்று முகத்தை விட்டுவிட்டுக் கண்ணாடிப் பக்கம் போய்விடும். உள்ளே காற்றைத் திருப்பும் கதவுகளும் வேக்குவத்தை நம்பியே நிற்பவைதான்.

பிறகு வேக்குவம் கேஜ். கடல்மட்டத்தில், நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். டென்வர் மாதிரி 1,600 மீட்டர் உயரத்து ஊரில் ஐந்து அங்குலம் குறைவாகக் காட்டினாலும் பயப்பட வேண்டாம். முள் தாழ்ந்து ஆடாமல் நின்றால் லீக் அல்லது பின்தங்கிய டைமிங். தாளம் தப்பாமல் விட்டுவிட்டு விழுந்தால் வால்வைப் பார்க்க வேண்டும். இனி குறடு. ஒவ்வொரு ஹோஸையும் நசுக்குவார், கண் முள்ளிலேயே இருக்கும். எதை நசுக்கும்போது முள் துள்ளி ஏறுகிறதோ அந்த வழியில்தான் ஓட்டை.

எல்லா ஹோஸும் சுத்தம் என்றால் சந்தேகம் கேஸ்கட் மேல் திரும்பும். இந்த எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம். சூட்டில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் கேஸ்கட் அடிபடும். கார்ப் கிளீனரைத் தெளித்துப் பார்ப்பது எல்லோரும் செய்வது. பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீப்பற்றும் திரவத்தைப் பீய்ச்சுவது எனக்கு உடன்பாடில்லை. கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலே போதும். ஓட்டை அதை உறிஞ்சும் அந்தக் கணம் எஞ்சினின் சத்தம் மாறும். அதைவிட அழகு, ஒரு முழ ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை இணைப்புகளின் ஓரமாக நகர்த்துவது. ஃபேன் இரைச்சலுக்கு நடுவே ‘உஸ்’ என்று ஒரு சத்தம் அரை அங்குல இடத்தில் மட்டும் கூர்மையாகும். புகை மெஷின் இதையே சீக்கிரம் காட்டிவிடும்தான். ஆனால் அதற்குக் காது தேவையில்லை.

ஹோஸை மாற்றியதும் வண்டி சரியாகிவிடும் என்று நினைத்தால் எஞ்சின் ரேஸ் ஆகும். லீக்கை மறைக்க யார் யாரோ ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி, மிக்சரைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஐடிலை இறக்கிவிட்டு, கேஜைக் கழற்றாமலேயே மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகுவார். முள் உச்சம் தொட்டு மேலே ஏற மறுக்கும் இடத்தில் கையை எடுத்துவிடுவார்.